எடை எங்கே நிற்கிறது?

(நாமக்கல்லில் லாரி ஓட்டுநர்களும் உரிமையாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



லாரியைப் பற்றி நாமக்கல்லில் வந்து பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். இங்கே பாடி கட்டுகிறவர் இருக்கிறார், டேங்கர் ஓட்டுகிறவர் இருக்கிறார், பத்து வண்டி வைத்திருக்கிறவரும் இருக்கிறார். ஆகவே உங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தர நான் வரவில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

எடைமேடையில் ஏறி இறங்கினால் ஒரு சீட்டு தருகிறார்கள். அதில் மொத்த எடை என்று ஓர் எண் இருக்கும். ஆர்.சி.யில் உள்ள எண்ணைவிட அது குறைவாக இருந்தால் நிம்மதியாகக் கிளம்பிவிடுகிறோம். அந்த எடை வண்டியில் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சாலையைக் கெடுப்பது, பாலத்தை வருத்துவது, டயரை வெடிக்கவைப்பது, வளைவில் வண்டியைக் கவிழ்ப்பது எல்லாமே பெரும்பாலும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கின்றன. இன்றைக்கு ட்ரெய்லரை வைத்தே பேசுகிறேன். அதில்தான் இந்த விஷயம் பளிச்சென்று தெரியும்.

இரண்டு பேர் ஒரு மூங்கிலைத் தோளில் வைத்து, நடுவில் மூட்டையைத் தொங்கவிட்டுத் தூக்குகிறார்கள். மூட்டை முன்னால் போகிறவர் பக்கம் நகர்ந்தால் அவருக்குத்தான் பாரம் ஏறும். ட்ரெய்லரும் அதேதான். முன்னால் தூக்குகிறவர், ட்ரெய்லரை இழுவை வண்டியோடு பூட்டுகிற கிங்பின். பின்னால் தூக்குகிறவர் ஆக்ஸில் கூட்டம். மூட்டையின் எடை மாறாது. யார் தோளில் எவ்வளவு என்பதுதான் மாறும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. சரக்கின் எடையை, அதை நகர்த்திய தூரத்தால் பெருக்கி, கிங்பின்னிலிருந்து ஆக்ஸில் கூட்டத்தின் நடு வரை உள்ள தூரத்தால் வகுத்தால் போதும். எத்தனை டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறியது என்று தெரிந்துவிடும். 24 டன் இரும்புக் காயில், கிங்பின்னிலிருந்து ஆக்ஸில் நடு வரை 8 மீட்டர் என்று வையுங்கள். காயிலை ஒரு மீட்டர் நகர்த்தினால் 3 டன் இடம் மாறும். ஒரு மீட்டர் என்பது ஒரு ஆள் எட்டிவைக்கும் ஒரு அடி. அந்த ஓர் அடிக்கு 3 டன்!

இப்போது முழு வண்டியையும் பார்ப்போம். இரண்டு ஆக்ஸில் இழுவை வண்டி, மூன்று ஆக்ஸில் ட்ரெய்லர். இழுவை வண்டியின் சொந்த எடை 7 டன், அதில் பின் ஆக்ஸிலில் இரண்டரை டன். ட்ரெய்லரின் சொந்த எடை 7 டன், அதில் கிங்பின்னுக்கு ஒன்றரை டன். இவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள்; உங்கள் வண்டிக்கு உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். காயிலின் எடை மையம் சரியாக நடுவில், அதாவது கிங்பின்னிலிருந்து 4 மீட்டரில் வருகிற மாதிரி கிரேன்காரர் இறக்கிவிட்டார். பார்க்க அழகாக இருக்கிறது, நட்ட நடுவில் இருக்கிறது. மொத்த எடை 38 டன். இந்த வகை வண்டிக்குச் சட்டம் தருவது 45.5 டன். ஏழரை டன் மிச்சம் இருக்கிறது என்று ஓட்டுநரும் சந்தோஷமாகக் கிளம்புகிறார்.

ஆனால் பின் ஆக்ஸிலில் என்ன நிற்கிறது? காயிலில் பாதி 12 டன் கிங்பின்னில் இறங்குகிறது. ட்ரெய்லரின் ஒன்றரையும் சேர்ந்தால் பதிமூன்றரை. கிங்பின் உட்காருகிற இழுவை வண்டியின் மேல்தட்டு பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால் இருப்பதால் அந்தப் பதிமூன்றரையில் பத்தில் ஒரு பங்கு முன் ஆக்ஸிலுக்குப் போகிறது என்று வையுங்கள். மீதியோடு வண்டியின் சொந்த இரண்டரை டன்னைச் சேர்த்தால் பதினான்கரை டன் தாண்டுகிறது. நாலு டயர் போட்ட ஒற்றை ஆக்ஸிலுக்குச் சட்டம் அனுமதிப்பது 11.5 டன். மூன்று டன் அதிகம். அதே நேரத்தில் 27 டன் தாங்க அனுமதி உள்ள ட்ரெய்லர் ஆக்ஸில்கள் மூன்றும் சேர்ந்து பதினேழரை டன்னோடு சும்மா உருண்டுகொண்டிருக்கின்றன.

காயிலை ஒரு மீட்டர் பின்னால் வைத்திருந்தாலும் பின் ஆக்ஸிலில் 12 டன் நிற்கும். அப்போதும் அரை டன் கூடுதல்தான். ஒன்றரை மீட்டர் பின்னால் வைத்திருந்தால் பத்தரைக்கு வந்திருக்கும். ஒரு கிலோ சரக்கும் குறையவில்லை. வாடகையும் குறையவில்லை. கிரேன் கயிறு இறங்கிய இடம்தான் மாறியது.

அப்படியானால் முடிந்தவரை பின்னால் தள்ளிவிடலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. இழுக்கிற சக்கரத்தின் மேல் எடை குறைந்தால் மழையில் அது வழுக்கும். தொப்பூர் மாதிரி இறக்கத்தில் பிரேக் போடும்போது ட்ரெய்லர் பின்னாலிருந்து தள்ள, முன்வண்டி மடங்கிக்கொள்ளும். முன் சக்கரம் லேசாக இருந்தால் ஸ்டியரிங் திருப்பின இடத்துக்கு வண்டி வராது. பின் ஆக்ஸில் தாங்குகிற அளவுக்குள் நின்றபடி, அதற்கு எவ்வளவு கொடுக்க முடியுமோ அவ்வளவும் கொடுப்பதுதான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவு எடைக்கு வரம்பு கட்டுகிறது. 114ஆம் பிரிவு வண்டியை நிறுத்தி எடை பார்க்க அதிகாரிக்கு உரிமை தருகிறது. எடை கூடுதலாக இருந்தால், கூடுதலை இறக்கிய பிறகுதான் வண்டி நகரலாம். இறக்குகிற சரக்குக்கு அதிகாரி பொறுப்பில்லை, உங்கள் பொறுப்பு. 194ஆம் பிரிவின்கீழ், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அபராதம் 20,000 ரூபாய்; அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாமல் போனாலோ, எடை பார்ப்பதற்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலோ 40,000 ரூபாய். அந்தப் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை; ஓட்டச் செய்கிறவரையும் ஓட்ட அனுமதிக்கிறவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. இதை உரிமையாளர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்க வேண்டும்.

ஆக்ஸில் எடைக்கான இன்றைய எண்கள் 2018 ஜூலையில் வந்தவை. இரண்டு டயர் உள்ள முன் ஆக்ஸில் 6 டன்னிலிருந்து 7 டன் ஆனது. நாலு டயர் ஒற்றை ஆக்ஸில் 10.2இலிருந்து 11.5. இரட்டை ஆக்ஸில் 19இலிருந்து 21. மூன்று ஆக்ஸில் கூட்டம் 24இலிருந்து 27. மூன்று ஆக்ஸில் இழுவை வண்டிக்குப் பின்னால் மூன்று ஆக்ஸில் ட்ரெய்லர் என்றால் 7, 21, 27, ஆக 55 டன். கவனியுங்கள்: 55 என்ற எண் இந்த மூன்றையும் கூட்டி வந்ததுதான். ஆக்ஸில் எடைதான் வேர். மொத்த எடை அதில் காய்த்த காய். ஆர்.சி.யில் மொத்த எடைக்குக் கீழே முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டேண்டம் ஆக்ஸில் என்று தனித்தனியாகப் பதிவான எடை இருக்கிறது. வண்டி வாங்கி எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வரிகளை எடுத்துப் பார்க்காதவர்கள் நம்மில் பலர்.

நம் ஊரில் ட்ரெய்லர் ஆக்ஸில் பட்டறையில் பற்றவைத்த இடத்திலேயே நிற்கும். சரக்கைத்தான் நகர்த்த வேண்டும். அமெரிக்காவில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். அங்கே ஓடுகிற 53 அடிப் பெட்டி ட்ரெய்லர்களின் இரட்டை ஆக்ஸிலைச் சறுக்கி நகர்த்தலாம். அடியில் இரண்டு நீளமான தண்டவாளம், அதில் வரிசையாகத் துளைகள், துளைகளில் பூட்டிக்கொள்ளும் பின்கள். ஓட்டுநர் ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டுச் சக்கரங்களை நிறுத்திவிட்டு, பின்களை வெளியே இழுத்து, முன்வண்டியை மெல்ல நகர்த்துவார். சக்கரம் நின்ற இடத்தில் நிற்க, பெட்டி மட்டும் மேலே சறுக்கும். வேண்டிய துளை வந்ததும் பின்னைப் பூட்டிவிடுவார். ஒவ்வொரு துளைக்கும் சில நூறு பவுண்டு எடை இடம் மாறும். புதிதாக ஓட்ட வருகிறவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுவார்கள்: ஆக்ஸிலை முன்னால் கொண்டுவந்தால் முன்வண்டியின் பாரம் கூடும் என்று நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். பின்னால் தூக்குகிறவர் மூட்டைக்கு அருகே வருகிறார். அவர் தோளில்தான் பாரம் ஏறும்.

அங்கே ஒற்றை ஆக்ஸிலுக்கு வரம்பு 20,000 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 9 டன். இரட்டை ஆக்ஸிலுக்கு 34,000 பவுண்டு, சுமார் 15.4 டன். ஐந்து ஆக்ஸில் வண்டிக்கு மொத்தம் 80,000 பவுண்டு, சுமார் 36 டன். அங்கே ஓடுகிற வண்டிகளை வீடியோவில் பார்த்து வாய் பிளக்கிறோம். அவற்றைவிட நம் 55 டன் ட்ரெய்லர் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு கனம்.

ஆனால் அவர்கள் சட்டத்தில் நம்மிடம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. 1975 முதல் நடைமுறையில் உள்ள பாலச் சூத்திரம் அது. எத்தனை ஆக்ஸில் என்பதோடு, முதல் ஆக்ஸிலுக்கும் கடைசி ஆக்ஸிலுக்கும் எத்தனை அடி என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு எடையை அனுமதிக்கிறார்கள். ஐந்து ஆக்ஸில் வண்டி 80,000 பவுண்டு ஏற்ற வேண்டுமானால் முதலுக்கும் கடைசிக்கும் இடையில் 51 அடி இருக்க வேண்டும். அந்த இடைவெளி 43 அடிதான் என்றால் அதே வண்டிக்கு 75,000தான். காரணம் எளிது. பாலத்தின் ஒரு கண்ணின் நடுவே எல்லா ஆக்ஸிலும் நெருக்கமாக வந்து நின்றால் உத்தரம் அதிகமாக வளையும். தூரமாகப் பரப்பி நின்றால் சில ஆக்ஸில்கள் தூணுக்கு அருகில் இருக்கும், சில அடுத்த கண்ணுக்குப் போயிருக்கும். எடை ஒன்றுதான், பாலம் படுகிற பாடு வேறு. நம் நாட்டிலும் பாலம் கட்டுகிற பொறியாளர்கள் ஆக்ஸில் இடைவெளி குறித்த மாதிரி வண்டிகளை ஓடவிட்டுத்தான் கணக்குப் போடுகிறார்கள். இந்திய சாலை காங்கிரஸின் ஏ வகுப்புச் சுமை என்பது எட்டு ஆக்ஸில் கொண்ட ஒரு கற்பனை வண்டித் தொடர். பாலம் கட்டுகிறவருக்குத் தெரிந்த இந்த விஷயம் பாலத்தின்மேல் போகிறவருக்குச் சொல்லப்படுவதில்லை என்பதுதான் என் குறை.

அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கலிஃபோர்னியாவில் கிங்பின்னிலிருந்து கடைசி ஆக்ஸில் வரை 40 அடிக்கு மேல் போகக் கூடாது. வேறு மாநிலத்தில் சரக்கு ஏற்றி, எடையைச் சரிக்கட்ட ஆக்ஸிலைக் கடைசி வரை பின்னால் தள்ளிக்கொண்டு வருகிற ஓட்டுநர் எல்லையில் அதை முன்னால் இழுக்க வேண்டும். இழுத்தால் நீளம் சரியாகும். ஆனால் ட்ரெய்லர் ஆக்ஸிலில் 34,000 தாண்டிவிடும். காலையில் சட்டப்படி இருந்த வண்டி மாலையில் குற்றவாளி. ஏற்றுகிறபோதே போய்ச் சேருகிற ஊரை நினைத்து ஏற்ற வேண்டும் என்பதை அவர்கள் இப்படிப் பட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

ஐரோப்பியர்கள் சென்டிமீட்டர் கணக்குக்கே போய்விட்டார்கள். அங்கே ட்ரெய்லரின் மூன்று ஆக்ஸில்களுக்கு இடைவெளி 1.3 மீட்டர் அல்லது குறைவு என்றால் 21 டன்; அதைத் தாண்டி 1.4 மீட்டர் வரை என்றால் 24 டன். ஒரு சாண் அகலம்கூட இல்லாத வித்தியாசத்துக்கு 3 டன் அனுமதி.

40 அடி என்று கலிஃபோர்னியா ஏன் பிடிவாதம் பிடிக்கிறது? திருப்பத்துக்காக. முன்வண்டி போன தடத்தில் ட்ரெய்லர் சக்கரம் போகாது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு போகும். கிங்பின் 12 மீட்டர் ஆரத்தில் வட்டமாகத் திரும்புகிறது, அங்கிருந்து ஆக்ஸில் 8 மீட்டரில் இருக்கிறது என்றால் உள்வெட்டு சுமார் 3 மீட்டர். ஆக்ஸில் 9 மீட்டரில் இருந்தால் 4 மீட்டர். 7 மீட்டரில் இருந்தால் இரண்டேகால் மீட்டர். ஒரு டூவீலரும் அதில் இருக்கிறவரும் நிற்கிற இடம்தான் இந்த உள்வெட்டு. ஆக்ஸிலை முன்னால் வைத்தால் உள்வெட்டு குறையும், ஆனால் வால் நீளும். திரும்பும்போது அந்த வால் வெளிப்பக்கம் வீசும். இங்கே பாடி கட்டுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை: லாரிக்குப் பின்னால் நீட்டல் என்பது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது இந்தக் காரணத்தாலும்தான்.

இனி சாலைக்கு வருகிறேன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே புதிதாக வளையச் சாலைகள் போட்டு, ராணுவ வீரர்களைக் கொண்டு இரவு பகலாக லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். எந்த எடைக்கு எந்தச் சாலை எப்போது உடைகிறது என்று கணக்கெடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் நான்காம் அடுக்கு விதி. ஆக்ஸில் எடை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு. நம் ஊர்ச் சாலைகளை இன்றும் 80 கிலோநியூட்டன், அதாவது சுமார் 8.16 டன் ஆக்ஸிலை அளவுகோலாக வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். பழைய அமெரிக்க 18,000 பவுண்டு ஆக்ஸிலும் இதுவும் ஒன்றுதான்.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் 2018இல் 10.2ஐ 11.5 ஆக்கியது ஆக்ஸில் எடையில் எட்டில் ஒரு பங்கு கூட்டல்; சாலைச் சேதத்தில் அறுபது சதவீதக் கூட்டல். அரசே செய்தது என்பதால் அது சாலைக்கு நல்லதாகிவிடாது. என் காயில் கணக்கில் வந்த பதினான்கரை டன் ஆக்ஸில், 11.5 டன் ஆக்ஸிலைப்போல் இரண்டரை மடங்கு சேதம் செய்யும். அதுவும் மொத்த எடையில் ஏழரை டன் மிச்சம் வைத்துக்கொண்டு!

இதே கணக்கில் லிஃப்ட் ஆக்ஸிலையும் பார்த்துவிடுவோம். காலி வண்டியில் ஒரு ஆக்ஸிலைத் தூக்கிக்கொண்டால் டயர் தேய்மானம் குறையும், டீசல் மிச்சம், அதில் தப்பே இல்லை. சரக்கோடு தூக்குவதுதான் தப்பு. டயர் உரசுகிறது, திருப்பத்தில் இழுக்கிறது என்று சிலர் தூக்கிவிடுகிறார்கள். மூன்றில் தலா 9 டன்னாக நின்ற 27 டன், இரண்டில் தலா பதின்மூன்றரையாக நிற்கும். அந்த இரண்டும் சேர்ந்து, மூன்றும் சேர்ந்து செய்திருக்கும் சேதத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் செய்யும். மிச்சப்படுத்த நினைத்த டயர்களில் மீதி எட்டும் சூடேறி வெடிக்கும். பேரிங் பிடித்துக்கொண்டால் நடுரோட்டில் யார் காசு?

ஆக்ஸில் நிற்கிற இடம் சரியாக இருந்தாலும் அது நேராக நிற்கிறதா என்பது தனி விஷயம். கிங்பின்னிலிருந்து ஆக்ஸிலின் இடது முனைக்கும் வலது முனைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் ட்ரெய்லர் கோணலாகவே ஓடும், ஒரு பக்க டயர் மட்டும் தின்றுபோகும். இழுவை வண்டியின் மேல்தட்டு உயரத்தையும் பாருங்கள். ட்ரெய்லரின் மூக்கு தூக்கி நின்றால் பட்டை ஸ்பிரிங் வண்டியில் கடைசி ஆக்ஸிலுக்குப் பாரம் கூடும்.

ஆக்ஸில் எடையை எப்படித் தெரிந்துகொள்வது, அதற்குத் தனி எடைமேடை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சாதாரண எடைமேடையே போதும். முதலில் இழுவை வண்டியின் முன் ஆக்ஸிலை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை எடுங்கள். பிறகு பின் ஆக்ஸிலும் ஏறியதும் இரண்டாவது எடை. கடைசியாக முழு வண்டிக்கும் மூன்றாவது எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பின் ஆக்ஸில். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ட்ரெய்லர் ஆக்ஸில்கள். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். எடை எடுக்கும்போது பிரேக்கை விட்டுவைக்க வேண்டும். எடைமேடைக்காரர் முகம் சுளிப்பார், பின்னால் நிற்கிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

உரிமையாளர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஒவ்வொரு ட்ரெய்லரின் பக்கவாட்டிலும் கிங்பின் நிற்கும் இடத்துக்கும் ஆக்ஸில் நடுவுக்கும் வெள்ளைக் கோடு போடுங்கள். இரண்டுக்கும் இடையே, அந்த வண்டியில் வழக்கமாக ஏற்றும் சரக்கின் எடை மையம் வர வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கோடு போடுங்கள். கிரேன்காரருக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை, கோடு தெரிந்தால் போதும். மூன்று முறை எடை பார்க்கிற காசை வண்டிச் செலவில் சேர்த்துக் கொடுங்கள். ஓட்டுநரின் படியிலிருந்து எடுக்காதீர்கள்.

ஓட்டுநர்களிடம் ஒன்று. சரக்கு தவறான இடத்தில் இறங்கினால் வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். முதலாளிக்கு அங்கேயே நின்று போன் போடுங்கள். ஏற்றுகிறவர் ஏற்றிவிட்டுப் போய்விடுவார். செக்போஸ்ட்டில் நிற்பது நீங்கள்தான்.

அரசிடமும் ஒன்று கேட்க வேண்டும். சாலையில் எடை பார்க்கும்போது மொத்த எடையோடு ஒவ்வொரு ஆக்ஸில் எடையையும் சீட்டில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். துறைமுகத்திலும் இரும்பு ஆலையிலும் சிமெண்ட் ஆலையிலும் வண்டி வெளியே வருகிற வாசலிலேயே அந்தச் சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். எடை தவறினால் அதை ஏற்றிய இடத்திலேயே சரிசெய்ய முடியும். இந்தக் கோரிக்கையை உங்கள் சங்கங்கள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.